ராடு முதலில், சீல் பிறகு: தேய்ந்த ஷாக் அப்சார்பரை மறுசீரமைக்கும் முறை

“அண்ணே, நாலு மாசம் முன்னாடிதான் சீல் மாத்தினேன். மறுபடியும் ஒழுகுது.”

ஷாக் அப்சார்பர் வேலை பார்க்கும் பட்டறைகளில் அடிக்கடி காதில் விழும் புகார் இது. சீல் மட்டமான சரக்கு என்று முடிவுகட்டி, இன்னொரு கடையில் இன்னொரு சீல் வாங்கிப் போடுவார்கள். அதுவும் ஒழுகும். கோளாறு பெரும்பாலும் சீலில் இருப்பதில்லை, அதற்குள் ஏறி இறங்கும் ராடில்தான் இருக்கிறது. குரோம் பூச்சில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துருப்புள்ளி இருந்தாலும் போதும். வண்டி ஒவ்வொரு முறை குலுங்கும்போதும் அந்தப் புள்ளி சீலின் உதட்டைக் கடந்து போய்த் திரும்பி வரும். ஒவ்வொரு பயணத்திலும் ரப்பரைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும். எவ்வளவு உயர்ந்த சீலும் இதற்கு நிற்காது. விலையுயர்ந்த ஷாக்கைப் பிரித்துச் சரிசெய்ய நினைப்பவர் முதலில் மனதில் வைக்க வேண்டியது இந்த வரிசையைத்தான்: ராடு முதலில், சீல் பிறகு, எண்ணெயும் வாயுவும் அதற்கும் பிறகு.

மேற்குச் சென்னையின் அயனம்பாக்கத்தில் குடியிருப்பவருக்கு இந்த வேலைக்குத் தேவையான கைத்திறன் முழுவதும் பக்கத்திலேயே கிடைக்கிறது. வானகரம்–அம்பத்தூர் சாலையில் வடக்கே போனால் அம்பத்தூர் தொழிற்பேட்டை. 1960களில் உருவான அந்தப் பேட்டையில் லேத், சிலிண்ட்ரிகல் கிரைண்டிங், ஹார்டு குரோம், ரப்பர் மோல்டிங் என்று தெருவுக்குத் தெரு பட்டறைகள். மேற்கே ஆவடி. அங்குள்ள போர் வாகன ஆராய்ச்சி நிறுவனமான சி.வி.ஆர்.டி.இ. வடிவமைத்த அர்ஜுன் டாங்கி 58 டன்னுக்கும் மேல் எடையுள்ளது. பக்கத்துக்கு ஏழு சக்கரங்கள். அத்தனை எடையையும் எஃகு ஸ்பிரிங் இல்லாமல், நைட்ரஜன் வாயுவும் எண்ணெயும் அடைத்த ஹைட்ரோநியூமேட்டிக் சஸ்பென்ஷன் தாங்குகிறது. அழுத்தமேற்றிய நைட்ரஜன், எண்ணெய், இரண்டும் கலக்காமல் காக்கும் சீல்கள் என்ற அதே மூன்றும்தான் பந்தயக் காரின் ஷாக்கிலும் சிறிய அளவில் இருக்கின்றன.

பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால் இருங்காட்டுக்கோட்டை. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சோழவரத்து விமான ஓடுதளத்தில் பல்லாண்டு காலம் பந்தயம் நடத்திவிட்டு, 1990-இல் இங்கே சொந்தத் தடத்தைத் திறந்தது. முழுச் சுற்று 3.717 கிலோமீட்டர். திருவள்ளூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1998 முதல் தயாரித்த மிட்சுபிஷி லான்சரும், பின்னாளில் வந்த செடியாவும் ரேலிக்காரர்களின் செல்ல வண்டிகள். ஆகவே மேற்குச் சென்னையில் நல்ல ஷாக் போட்ட வண்டிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ராடு பார்ப்பவர், குரோம் போடுபவர், சீல் விற்பவர், வாயு அடைப்பவர் என எல்லாரும் வெவ்வேறு கூரையின் கீழ் இருக்கிறார்கள். எதை எங்கே எந்த வரிசையில் கொடுப்பது, திரும்பி வரும்போது எதை அளந்து வாங்குவது என்பது வண்டிக்காரருக்கே தெரிந்திருந்தால்தான் வேலை உருப்படும்.

எதைத் திறக்கலாம், எதை விட்டுவிடலாம்

சாதாரணக் கார்களோடு தொழிற்சாலையிலிருந்து வரும் ஷாக், பெரும்பாலும் இரட்டைக் குழாய் வகை. உள்குழாயில் பிஸ்டன் ஓடும். வெளிக்குழாய் எண்ணெய்த் தொட்டியாக இருக்கும். மேல்வாயை மடித்து நிரந்தரமாக மூடியிருப்பார்கள். இதை அறுத்துத் திறந்து, மரை போட்டு, நட்டு வைத்து மூடித் தரும் பட்டறைகள் உண்டு. அது வேண்டாத வேலை. புதிய ஜோடி எளிதாகக் கிடைக்கும் வண்டிக்குப் புதியதையே போடுவது மேல். அறுத்த குழாயில் தங்கும் இரும்புத்தூள் ஒன்றே வால்வைக் கெடுத்துவிடும்.

திறப்பதற்கென்றே வடிவமைத்தவை வேறு. பில்ஸ்டைன், கோனி, ஓலின்ஸ், பென்ஸ்கி போன்ற நிறுவனங்களின் பந்தயத் தர ஷாக்குகளில் பலவற்றின் மேல்மூடி சர்க்கிளிப்பிலோ மரையிலோ நிற்கும். வால்வு, சீல், ராடு தனித்தனியே கிடைக்கும். இவற்றில் ஒற்றைக் குழாய் வகையே அதிகம். ஒரே குழாய், அதில் எண்ணெய், அடியில் ஒரு மிதக்கும் பிஸ்டன், அதற்குக் கீழே அழுத்தமேற்றிய நைட்ரஜன். பிரெஞ்சுப் பொறியாளர் கிறிஸ்தியான் பூர்சியே த கார்போன் 1950களின் தொடக்கத்தில் உருவாக்கிய முறை இது. பில்ஸ்டைன் அதன் உரிமையைப் பெற்று, 1957-இல் மெர்சிடிஸ் பென்ஸ் கார்களுக்குத் தொடர் உற்பத்தியில் கொடுத்தது. எழுபது ஆண்டுகள் ஆகப்போகின்றன, அடிப்படை மாறவில்லை.

வாயு எதற்கு என்று தெரிந்தால்தான் பிறகு வரும் வேலைகளின் காரணம் புரியும். பிஸ்டன் வேகமாக நகரும்போது அதன் ஒரு பக்கம் எண்ணெயின் அழுத்தம் ஏறும், மறுபக்கம் இறங்கும். இறங்கும் பக்கத்தில், சோடா பாட்டிலின் மூடியைத் திறந்ததும் பொங்குவதுபோல, எண்ணெயில் கரைந்திருந்த காற்று குமிழாக வெளியே வரும். குமிழ் நிறைந்த எண்ணெய் வால்வு வழியே எதிர்ப்பின்றி ஓடிவிடும். ஷாக் திடீரென்று செத்ததுபோல் ஆகும். எல்லா நேரமும் வாயு அழுத்திக்கொண்டிருந்தால் அந்தப் பக்கத்தின் அழுத்தம் அந்த அளவுக்கு இறங்காது. மண் பாதையில் ரேலிக் காரின் ஷாக் எண்ணெய் 100 டிகிரியைத் தாண்டிச் சூடேறும் நேரத்தில் இந்தக் காப்புதான் வண்டியைத் தடத்தில் வைக்கிறது.

கெட்டுவிட்டதா என்று பார்ப்பது

பானட்டின் மூலையை அழுத்திவிட்டு எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணும் பழைய சோதனையை நம்பிப் பயனில்லை. கையால் அழுத்தும் வேகத்தில் வால்வின் ஒரு சிறு பகுதிதான் வேலை செய்யும். முழுதாகச் செத்த ஷாக்கை மட்டுமே இது காட்டிக்கொடுக்கும். பாதி தேய்ந்தது தப்பித்துவிடும்.

டயரைப் பார்ப்பது நல்லது. ஓரத்தில் விட்டுவிட்டுப் பள்ளம் பள்ளமாகத் தேய்ந்திருந்தால், சக்கரம் சாலையைவிட்டு எழும்பி எழும்பி விழுந்திருக்கிறது என்று பொருள். வேகத்தடை ஏறி இறங்கிய பின்னும் பின்பக்கம் மிதந்துகொண்டே வந்தால், பிரேக் பிடிக்கும்போது மூக்கு முன்பைவிட அதிகமாகக் குத்தினால், நெடுஞ்சாலையில் பாலத்தின் இணைப்பைக் கடக்கும்போது ஸ்டியரிங் நடுங்கினால், கழற்றிப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது. ராடின் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருப்பது இயல்பு. அதில் தூசி ஒட்டியிருப்பதும் இயல்பு. குழாயின் பாதிவரை ஈரம் வழிந்திருந்தால் மட்டுமே ஒழுகல்.

சத்தத்தை வைத்து ஷாக்கைக் குற்றம் சொல்வதற்கு முன்னால் மேல் மவுன்ட்டையும் கீழ்ப் புஷ்ஷையும் ஆட்டிப் பார்க்க வேண்டும். லொடலொட சத்தத்துக்குப் பல நேரம் அவைதான் காரணம்.

திறக்கும் முன்

முதல் வேலை எழுதுவது. சரிசெய்யும் திருகு இருந்தால், மெதுவாக முழுதும் மூடும் பக்கம் திருப்பி, எத்தனை கிளிக் வந்தது என்று குறிக்க வேண்டும். ஸ்பிரிங் இருக்கையின் உயரம், ராடு முழுதும் நீண்டபோது மேல், கீழ் போல்ட் துளைகளுக்கு இடையே உள்ள நீளம், எந்தச் சக்கரத்து ஷாக் என்பவற்றையும் எழுதி, நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு வெளிப்புறத்தைக் கழுவித் துடைத்து, காற்றடித்துக் காயவைத்தபின்பே மேசைக்கு வர வேண்டும். மண் ஒட்டிய ஷாக்கைத் திறக்கிறவர் மண்ணை உள்ளே விடுகிறார்.

அடுத்தது வாயுவை வெளியேற்றுவது. இதில் அவசரம் கூடாது. 14 மில்லிமீட்டர் ராடு போட்ட ஷாக்கில் 20 பார் அழுத்தம் இருந்தால், அந்த ராடை வாயு சுமார் 31 கிலோ விசையோடு வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். அழுத்தம் இருக்கும்போது சர்க்கிளிப்பை எடுத்தால் மூடியும் ராடும் எண்ணெயும் சேர்ந்து முகத்துக்கு வரும். கண்ணாடி அணிந்து, ராடை ஆள் இல்லாத பக்கம் திருப்பி வைத்து, வால்வு ஊசியை மெல்ல அழுத்திக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். வால்வே இல்லாத வகையும் உண்டு. ரப்பர் அடைப்புக்குள் ஊசி செலுத்தும் தனிக் கருவி அதற்கு வேண்டும். கருவி இல்லாதவர் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது. வாயு அடைத்த ஷாக்குக்குப் பக்கத்தில் வெல்டிங் டார்ச்சுக்கு ஒருபோதும் வேலை இல்லை.

உள்ளிருந்து வரும் எண்ணெயை வெள்ளைத் தட்டில் ஊற்றிப் பார்த்தால் பாதிக் கதை தெரிந்துவிடும். தேன் நிறம் இருந்தால் நல்ல நிலை. கறுப்பாக, கருகிய வாடையோடு வந்தால் அளவுமீறிச் சூடேறியிருக்கிறது. பால்போல் கலங்கியிருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. சாம்பல் நிறத்தில் மினுமினுத்தால் அலுமினியத் தூள். அப்படியானால் பிஸ்டனோ மூடியின் துளையோ தேய்கிறது, சீலை மட்டும் மாற்றி மூடிவிட முடியாது.

ராடு

இங்கேதான் பொறுமையோடு உட்கார வேண்டும்.

ராடைச் சுத்தமாகத் துடைத்து, ஒரு துளி பஞ்சை அதன்மேல் மெதுவாக இழுத்துப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத புள்ளியிலும் பஞ்சின் நார் மாட்டும். மாட்டிய இடத்தை மார்க்கரால் வட்டமிட்டு, அது சீல் ஓடும் பகுதிக்குள் வருகிறதா என்று பார்க்க வேண்டும். ராடின் இரண்டு கோடிகளில், சீல் தொடாத இடத்தில் உள்ள கீறலால் தீங்கில்லை. நடுப்பகுதியில் இருந்தால், அதிலும் வண்டி நின்றிருக்கும் உயரத்தில் சீல் உட்காரும் இடத்தில் இருந்தால், அந்த ராடு அப்படியே திரும்பிப் போகக் கூடாது.

பிறகு அளவு. மைக்ரோமீட்டரால் மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில், ஒவ்வொன்றிலும் ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு திசைகளில் அளக்க வேண்டும். மூடியின் புஷ் உரசும் நடுப்பகுதி மற்ற இடங்களைவிட 0.02 மில்லிமீட்டர் குறைந்திருந்தாலே தேய்மானம் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம். அடுத்து, இரண்டு வி-பிளாக்கில் ராடைப் படுக்கவைத்து, டயல் கேஜை நடுவில் நிறுத்தி ஒரு முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும். முள் 0.05-க்கு மேல் ஆடினால் ராடு வளைந்திருக்கிறது. பிரஸ்ஸில் வைத்து நிமிர்த்தித் தருகிறேன் என்று சொல்லும் பட்டறையைத் தவிர்க்கலாம். நிமிர்த்தும்போது குரோம் பூச்சில் மயிரிழை வெடிப்பு விழும். சில மாதங்களில் அந்த வெடிப்பில் துரு ஏறும். வளைந்த ராடுக்கு மாற்று ராடு ஒன்றே வழி.

நேராக இருந்து பூச்சு மட்டும் கெட்டிருந்தால் ஹார்டு குரோமுக்குக் கொடுக்கலாம். அலங்காரத்துக்குப் போடும் பளபள குரோம் இதற்குப் பயன்படாது. ஹார்டு குரோம் விக்கர்ஸ் அளவில் 800 முதல் 1000 வரை கடினமுள்ளது. முடிந்த ராடில் 20 முதல் 25 மைக்ரான் கனம் இருப்பது வழக்கம். பழைய பூச்சை நீக்கி, குழி போகும்வரை ராடைக் கிரைண்ட் செய்து, தேவையான கனத்தைவிடக் கூடுதலாகக் குரோம் ஏற்றி, மறுபடி கிரைண்ட் செய்து அளவுக்குக் கொண்டுவந்து பாலிஷ் செய்ய வேண்டும். பட்டறைக்காரரிடம் இரண்டு கேள்விகள் கேட்கலாம். பிளேட்டிங் முடிந்த சில மணி நேரத்துக்குள் 190 டிகிரி அளவில் அடுப்பில் வைத்து எடுப்பீர்களா என்பது ஒன்று. பிளேட்டிங்கின்போது எஃகுக்குள் புகும் ஹைட்ரஜன் வெளியேறாவிட்டால் கடினமாக்கிய ராடு நொறுங்கும் தன்மை பெற்றுவிடும். கழிவுநீரை என்ன செய்கிறீர்கள் என்பது மற்றொன்று. ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் தரும் நச்சு. சுத்திகரிப்பு வசதியும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவும் உள்ள இடத்துக்கே வேலையைக் கொடுப்பது ஏரிகள் நிறைந்த இந்தப் பகுதிக்குச் செய்யும் நியாயம்.

திரும்பி வந்த ராடை அங்கேயே மறுபடி அளந்து வாங்க வேண்டும். கையில் வழவழப்பாக இருப்பது போதாது. மேற்பரப்பின் சராசரிக் கரடு 0.1 முதல் 0.2 மைக்ரானுக்குள் இருக்க வேண்டும். அதைவிடக் கரடாக இருந்தால் சீல் தேயும். மரை தொடங்கும் இடத்தில் கூர்மையான விளிம்பு விட்டிருந்தால், புதிய சீலை மாட்டும்போதே அது கிழிந்துவிடும்.

கிளிக் வைத்துச் சரிசெய்யும் ஷாக்குகளின் ராடு உள்ளே துளையுள்ளது. அதற்குள் ஒரு ஊசி ஓடும். பிளேட்டிங்குக்குக் கொடுக்கும்போது துளையின் இரு வாயையும் அடைத்துக் கொடுக்கத் தவறினால் அமிலம் உள்ளே போய் ஊசியின் இருக்கையை அரித்துவிடும்.

ராடு சரியானபின் சீல். சாதாரண நைட்ரைல் ரப்பர் 100 டிகிரி வரைக்கும் தாங்கும். சாலையில் மட்டும் ஓடும் வண்டிக்கு அது போதும். தடத்திலும் ரேலியிலும் ஓடுவதற்கு, இருமடங்கு சூடு தாங்கும் வைட்டான் வேண்டும். ராடின் மரைமேல் வழவழப்பான டேப் சுற்றி, எண்ணெய் தடவி, சீலை நேராக இறக்க வேண்டும். மூடியின் புஷ், தூசி சீல், மிதக்கும் பிஸ்டனின் ஓ-ரிங், பிஸ்டனைச் சுற்றியிருக்கும் டெஃப்லான் பட்டை இவற்றையும் இதே கையோடு மாற்றிவிட வேண்டும். இதில் மிச்சம் பிடித்து லாபமில்லை.

ஷிம் அடுக்கு

பிஸ்டனின் இரு பக்கமும் ஷிம் எனப்படும் வட்டமான மெல்லிய எஃகுத் தகடுகள் அடுக்கியிருக்கும். எண்ணெயின் அழுத்தத்தில் அவை வளைந்து வழிவிடும். எவ்வளவு வளைகின்றன என்பதே வண்டியின் குணம். ஒரு பக்கத்து அடுக்கு அமுங்குவதைக் கட்டுப்படுத்தும், மறுபக்கத்து அடுக்கு நீள்வதைக் கட்டுப்படுத்தும். நட்டைக் கழற்றியதும் அத்தனையையும் எடுத்தபடியே ஒரு கம்பியில் கோத்துவிட வேண்டும். வரிசை மாறினால் அது வேறு ஷாக்.

தகட்டின் விறைப்பு அதன் கனத்தின் கன மடங்கில் ஏறும். 0.10 மில்லிமீட்டர் ஷிம்மைவிட 0.20 ஷிம் எட்டு மடங்கு விறைப்பானது. கையில் இரண்டு 0.10 ஷிம் இல்லை, ஒரு 0.20 போட்டுவிடுவோம், கனம் ஒன்றுதானே என்று நினைத்தால், அந்த இடத்தின் விறைப்பு நான்கு மடங்காகிவிடும். வண்டி கல்லாக ஓடும். ஆகவே ஒவ்வொரு தகட்டையும் மைக்ரோமீட்டரால் அளந்து, விட்டமும் கனமும் எழுதி, தட்டையான கண்ணாடிமேல் வைத்து அழுத்திப் பார்க்க வேண்டும். ஓரம் தூக்கிக்கொண்டிருப்பது, விளிம்பில் வெடிப்பு விழுந்தது, நீலம் பாய்ந்தது எல்லாம் குப்பைக்கு. அதே அளவுள்ள புதியது கிடைக்கும்வரை அந்த ஷாக்கை மூடக் கூடாது.

இந்த அடுக்கை மாற்றித்தான் ஒரு ஷாக்கைப் பந்தயத்துக்கோ சாலைக்கோ ஏற்றவாறு அமைக்கிறார்கள். இருங்காட்டுக்கோட்டைத் தடத்தின் சீரான தாருக்கு அமைத்த அடுக்கோடு வானகரம்–அம்பத்தூர் சாலையில் தினமும் ஓட்டினால் முதுகும் போகும், டயர் பிடிப்பும் போகும். ராடு மெதுவாக நகரும்போது கிடைக்கும் எதிர்ப்பு, வளைவில் வண்டி சாய்வதையும் பிரேக்கில் குத்துவதையும் கட்டுப்படுத்துகிறது. ராடு வேகமாக நகரும்போது கிடைக்கும் எதிர்ப்பு பள்ளத்துக்கும் வேகத்தடைக்கும் உரியது. நம் சாலைக்கு முதலாவதை வைத்துக்கொண்டு இரண்டாவதைத் தளர்த்துவதே சரி. ஆனால் முதல் மறுசீரமைப்பில் எதையும் மாற்றாமல், வந்தபடியே அடுக்கி மூடுவது நல்லது. பழைய குணம் திரும்பியதை உறுதி செய்த பிறகுதான் புதிய குணத்தைத் தேட முடியும்.

கழுவுவதற்கு வேஸ்ட் துணி உதவாது. ஒரு நூலிழை ஷிம்முக்கு அடியில் மாட்டினாலும் வால்வு மூடாது. சுத்தமான திரவத்தில் கழுவி, காற்றடித்துக் காயவைத்து, பிஸ்டன் நட்டை டார்க் ரெஞ்சால் மட்டுமே முறுக்க வேண்டும்.

எண்ணெயும் வாயுவும்

ஷாக் எண்ணெய் மிக மெல்லியது. 40 டிகிரியில் அதன் பிசுப்பு சுமார் 10 முதல் 20 சென்டிஸ்டோக் வரை இருக்கும். பட்டறையில் கிடைக்கிறதே என்று ஹைட்ராலிக் 68 எண்ணெயை ஊற்றுவோர் இருக்கிறார்கள். அந்த எண்ணே அதன் பிசுப்பு 40 டிகிரியில் 68 என்பதைத்தான் சொல்கிறது. ஷாக் காலையில் இறுகிக் கிடக்கும், ஒரு மணி நேரம் ஓடியபின் தளர்ந்து வேறு வண்டியாகும். டப்பாவில் 5, 10 என்று போட்டிருக்கும் எண்ணை நம்பியும் வாங்கக் கூடாது; ஒரு நிறுவனத்தின் 5 இன்னொன்றின் 7-க்கு ஈடாக இருக்கலாம். சென்டிஸ்டோக் அளவையும், சூட்டில் பிசுப்பு எவ்வளவு மாறாமல் நிற்கும் என்பதைச் சொல்லும் விஸ்காசிட்டி இண்டெக்ஸையும் பார்த்து வாங்க வேண்டும்.

மிதக்கும் பிஸ்டனை எந்த ஆழத்தில் நிறுத்துவது என்பது நிறுவனத்தின் கையேட்டில் இருக்கும். அது ஏன் முக்கியம் என்பதை ஒரு கணக்கு காட்டும். 14 மில்லிமீட்டர் ராடு 150 மில்லிமீட்டர் உள்ளே போனால் சுமார் 23 மில்லிலிட்டர் இடத்தை எடுத்துக்கொள்ளும். 46 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாயில் அந்த இடத்தைக் கொடுக்க மிதக்கும் பிஸ்டன் 14 மில்லிமீட்டர் கீழே இறங்கியாக வேண்டும். வாயுவின் அறை 40 மில்லிமீட்டர் ஆழம் இருந்தால் அது 26 ஆகும். அழுத்தம் ஒன்றரை மடங்கு ஏறும், தாங்கும். அறையை 18-ஆக வைத்து மூடியவரின் ஷாக்கில் அழுத்தம் நாலரை மடங்கு ஏறும். பெரிய பள்ளத்தில் சீல் பிதுங்கும்.

எண்ணெயை ஊற்றியபின் ராடை மிக மெதுவாக ஏற்றி இறக்க வேண்டும். முதலில் பெரிய குமிழ்கள் வரும், பிறகு பொடிக் குமிழ்கள் வெகுநேரம் வந்துகொண்டிருக்கும். குழாயின் பக்கத்தை மரச் சுத்தியின் பிடியால் லேசாகத் தட்டினால் ஷிம்களுக்கு இடையே ஒளிந்தவையும் மேலே வரும். அவசரமாக ஏற்றி இறக்கினால் எண்ணெய் நுரைத்துவிடும். அப்புறம் அது தெளியும்வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை. வெற்றிடத்தில் எண்ணெய் நிரப்பும் இயந்திரம் உள்ள பட்டறை கிடைத்தால் இந்தக் கட்டத்தை அங்கே கொடுத்துவிடலாம்.

அடைக்க வேண்டியது உலர்ந்த நைட்ரஜன். சிலிண்டரில் 150 பார் அளவுக்கு அழுத்தம் இருக்கும் என்பதால் ரெகுலேட்டர் இல்லாமல் அதைத் தொடவே கூடாது. காற்று அடைத்தால் அதிலுள்ள ஈரம் துருவாகும். ஆக்சிஜன் சிலிண்டரை இந்த வேலைக்கு அருகிலேயே கொண்டுவரக் கூடாது. அழுத்தமான ஆக்சிஜனும் எண்ணெயும் சேர்ந்தால் வெடிக்கும். எத்தனை பார் என்பது ஷாக்குக்கு ஷாக் மாறும். கையேட்டைப் பார்த்தே அடைக்க வேண்டும். 30 டிகிரியில் 15 பார் அடைத்த ஷாக், 90 டிகிரிக்குச் சூடேறினால் வாயுவின் கணக்கிலேயே 18-க்கு வரும். எண்ணெயும் விரிவதால் அதற்கும் மேலே போகும். கூடுதலாக அடைத்தால் வண்டி உயரும், சீலின் உராய்வும் கூடும்.

சோதனையும் மாட்டுவதும்

மூடிய ஷாக் நன்றாக இருக்கிறதா என்பதை டைனோ சொல்ல வேண்டும். ராடைத் தெரிந்த வேகங்களில் ஏற்றி இறக்கி, ஒவ்வொரு வேகத்திலும் எவ்வளவு விசை எதிர்க்கிறது என்று வரைபடமாகத் தரும் இயந்திரம் அது. வினாடிக்கு 0.131, 0.262, 0.524 மீட்டர் ஆகியவை வழக்கமான வேகங்கள். வரைபடத்தில் முதலில் பார்க்க வேண்டியது இடதும் வலதும் ஒத்துப்போகின்றனவா என்பதை. ஒரே அச்சின் இரண்டு ஷாக்குகளுக்கும் 5 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் மறுபடி திறக்க வேண்டும். திசை மாறும் இடத்தில் கோடு சட்டென்று படுத்து எழுந்தால் உள்ளே இன்னும் காற்று இருக்கிறது.

டைனோ எட்டாதவர், வாயு அடைப்பதற்கு முன்னால், இரண்டு ஷாக்கையும் ஒரே எடையைக் கட்டித் தொங்கவிட்டு, ராடு முழுதும் நீள எத்தனை வினாடி ஆகிறது என்று பார்க்கலாம். மெதுவான வேகத்தில் நீளும்போது உள்ள பெரிய வித்தியாசத்தை மட்டும் இது காட்டும். பந்தயத்துக்குப் போகும் வண்டிக்கு இது போதாது. டைனோ உள்ள ஊருக்கு ஷாக்கைக் கூரியரில் அனுப்பியாவது வரைபடம் வாங்க வேண்டும்.

வண்டியில் மாட்டும்போது பலரும் விடும் ஒரு படி இருக்கிறது. ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கக் கூடாது. நான்கு சக்கரமும் தரையில் நின்று, வண்டி தன் உயரத்துக்கு வந்தபின் இறுக்க வேண்டும். தொங்கும்போது இறுக்கினால் வண்டியை இறக்கியதுமே ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும். சில மாதங்களில் கிழியும். மேல் மவுன்ட், பம்ப் ஸ்டாப் இரண்டையும் புதிதாகப் போட்டு, கிளிக்கை முன்பு எழுதிவைத்த எண்ணுக்குத் திருப்பி, வீல் அலைன்மென்ட் பார்த்துவிட வேண்டும். 100 கிலோமீட்டர் ஓடியதும் ராடைத் துடைத்து, மறுநாள் பார்க்க வேண்டும். மெல்லிய படலம் சரி, சொட்டு சரியில்லை.

அடுத்த சர்வீஸ் எப்போது என்பதை வண்டியின் வேலை முடிவு செய்யும். சாலையில் மட்டும் ஓடும் நல்ல ஷாக்கை 40,000 முதல் 50,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை திறந்து பார்த்தால் போதும். சுற்றுத் தடத்தில் பந்தயம் ஓடுபவர் சீசனுக்கு ஒருமுறை திறக்க வேண்டும். ரேலி வண்டிக்கு ஒவ்வொரு ரேலி முடிந்ததும் எண்ணெயாவது மாற வேண்டும்.

மழைக்காலத்துக்குத் தனிக் கணக்கு. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இந்தப் பகுதியில் தண்ணீரில் நின்ற வண்டிகளை நினைத்துப் பார்க்கலாம். அசையாமல் நிற்கும் வண்டியில் ராடின் ஒரே இடம் நாள்கணக்கில் ஈரத்தில் இருக்கும். துருப்புள்ளி அங்கேதான் தொடங்கும். குழாயைத் தலைகீழாக வைத்து, ஸ்டிரட்டுக்குள் கிரீஸில் ஓடவிடும் பில்ஸ்டைன் வகையில் தண்ணீர் அந்தக் கிரீஸைக் கழுவிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது, சில வாரம் கழித்துத் திருப்பத்தில் டக்டக்கென்று சத்தம் வரும். சக்கரத்தின் பாதிக்கு மேல் தண்ணீர் ஏறிய வண்டியை, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று பார்க்காமல், தண்ணீர் வடிந்த வாரமே கழற்ற வேண்டும். தூசி உறையைத் தூக்கி, ராடை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, பஞ்சை இழுத்துப் பார்க்க வேண்டும். வடித்த பழைய எண்ணெயைக் கேனில் சேர்த்து, கழிவெண்ணெய் எடுக்க அனுமதி பெற்றவரிடம் கொடுக்க வேண்டும். தெருவின் மழைநீர் வடிகாலில் ஊற்றினால் அது நேரே ஏரிக்குத்தான் போகும்.